எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை

ஷாவ்சிங்
12 அக்டோபர் 1982

அன்புள்ள தம்பி பெய்லினுக்கு,

அக்கா யுன்ஷூ எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே இந்நேரம் முதல் பனி விழுந்திருக்கும். பஞ்சு வைத்த கால்சட்டையை வெயிலில் போட்டு எடுத்தாயா?

ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நடுவில் நான் இரண்டு போட்டேன். சுரங்கத்தில் வேலை கூடுதலாக இருக்கும் என்று அத்தான் சமாதானம் சொல்கிறார். வாத்தியார் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பார்.

இங்கே தடுப்பூசி வாரம். நம் தெருச் சிகிச்சையகத்தில் அப்பா உட்கார்ந்த அதே ஊசி அறையில், அதே நாற்காலியில் இருந்து ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறேன். நேற்று ஒரு பிள்ளை பாதி அவிழ்ந்த கால்சட்டையோடு வெளியே ஓடிவிட்டது. உன்னை நினைத்துச் சிரித்தேன். ஆறு வயதில் நீ அப்படித்தான் ஓடிப்போய் நம் வீட்டுப் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டாய். அப்பா ஊசியை உயர்த்திப் பிடித்தபடி செருப்போடு வாய்க்காலில் இறங்கினார். அதட்டவில்லை. "பரவாயில்ல, பரவாயில்ல, மெதுவா வா" என்றார். கறுப்புக் கூரைப் படகில் போனவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் தண்ணீரில் வைத்தே உனக்கு ஊசி போட்டார்.

படித்துறையில் இப்போது தண்ணீர் ஒரு படி ஏறியிருக்கிறது. நண்டுக்காலம். உனக்குப் பிடித்த உலர்ந்த கடுகுக்கீரை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கொழுத்த பன்றிக்கறியோடு வேகவைத்துச் சாப்பிடு. நாலு வரி போதும், எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

*

ஏழாம் குழி, ஹெய்லோங்ஜியாங்
3 நவம்பர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. நீங்களும் அத்தானும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம். வலது கையில் பனிவெடிப்பு வந்து புண்ணாகிவிட்டது. பேனா பிடிக்க வரவில்லை. அதனால் உடன் வேலை செய்யும் தோழர் ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். ஒன்றுமில்லை. மனசை இறக்கி வையுங்கள்.

கீரைப் பொட்டலமும் வந்து சேர்ந்தது. வாசனை நன்றாக இருக்கிறது. இங்கே குளிருக்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. முட்டைக்கோசு எட்டு ஜாடி புளிக்கப் போட்டாயிற்று. நிலக்கரிக்கும் குறைவில்லை. ஒன்றுமில்லை, எதற்கும் கவலைப்படாதீர்கள்.

உங்கள் நலம் நாடும்
தம்பி பெய்லின்

*

ஷாவ்சிங்
21 நவம்பர் 1982

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்த பிறகுதான் சோறு இறங்கியது. நாங்கள் சுகம். அத்தானுக்கு வழக்கமான இருமல், அவ்வளவுதான்.

அக்டோபரிலேயே பனிவெடிப்பா? எந்த விரல்? சீழ் இருக்கிறதா? வெந்நீரில் முக்காதே, இளஞ்சூடு போதும். உனக்கு எழுதித் தரும் தோழரின் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அவருக்கு என் நன்றியைச் சொல். ஆனால் எட்டு ஜாடிக் கோசை ஆண்கள் விடுதியில் எங்கே வைத்தாய்? கட்டிலுக்கு அடியிலா? புளித்த கோசின் நாற்றம் தாங்காமல் முதல் வருஷம் சாப்பாட்டுக் கூடத்துக்கே போகவில்லை என்று எழுதியவன் நீ.

அறுபத்தொன்பதில், படித்த பிள்ளைகளை அரசு வடக்கே வேலைக்கு அனுப்பியபோது, உன்னை ரயிலேற்றிய நாள் நினைவுக்கு வருகிறது. பதினேழு வயது. சட்டையில் காகிதச் சிவப்புப் பூ. மேளம் அடித்த சத்தத்தில் நீ ஜன்னலிலிருந்து கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் கேட்டது. என்ன சொன்னான் என்று வழியெல்லாம் கேட்டேன். "பசிக்குதாம்" என்றாள். அவள் போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நிஜமாகவே பசிக்கிறது என்றுதான் கத்தினாயா?

கையைப் பார்த்துக்கொள்.

அன்போடு
அக்கா

*

ஏழாம் குழி
19 டிசம்பர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அத்தானின் இருமல் குறைந்ததா? பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துக் கொடுங்கள்.

கை ஆறி வருகிறது. ஜாடிகள் விளக்கறைத் தோழர்களுடையவை. என்னை இப்போது குழிக்குள் அனுப்புவதில்லை. மேலேயே, சுரங்க விளக்குகளை வைத்திருக்கும் அறையில் இலேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தே செய்யலாம். ஒன்றுமில்லை. பசிக்கிறது என்றுதான் கத்தினேன்.

உங்கள் ஊர்க் கதைகளை இங்கே எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள். படகோட்டி காலால் துடுப்புப் போடுவான் என்றால் யாரும் நம்புவதில்லை. மனசை இறக்கி வையுங்கள்.

தம்பி பெய்லின்

*

ஷாவ்சிங்
4 ஜனவரி 1983

விளக்கறைத் தோழருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் தம்பி ஜுவாங் பெய்லினுக்காகக் கடிதம் எழுதுகிறவர் நீங்கள்தான் என்று எண்ணி, இதை விளக்கறை முகவரிக்குத் தனியாகப் போடுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

என் தம்பி என்னை ஒருநாளும் "நீங்கள்" என்றதில்லை. எங்கள் ஊரை "உங்கள் ஊர்" என்று எழுதமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் வீட்டில் யாரும் "ஒன்றுமில்லை" என்று சொல்வதில்லை. "மெய் ஷர்" என்று நாக்கைச் சுருட்டிச் சொல்வது உங்கள் வடக்கத்தி வழக்கம். நாங்கள் "பரவாயில்லை" என்போம். அப்பா அப்படித்தான் சொல்வார், அம்மாவும், நாங்கள் இருவரும். ஒன்றுமில்லை என்றால் எதுவும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். பரவாயில்லை என்றால் நடந்தது, பொறுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். உங்கள் இரண்டு கடிதத்தில் மூன்று "ஒன்றுமில்லை" இருக்கிறது.

தோழரே, நான் ஊசி போடுகிறவள். முதுகுக்குப் பின்னால் ஊசியை மறைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்கிறவள். மறைக்கிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் கோபமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். என் தம்பி உயிரோடு இருக்கிறானா?

ஜுவாங் யுன்ஷூ

*

ஏழாம் குழி
23 ஜனவரி 1983

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஹாவ் ஃபெங்லியென். விளக்கறையில் வேலை. வயது முப்பத்து மூன்று. முகம் தெரியாத உங்களை ஏமாற்றியதற்கு மன்னிப்பு கேட்கிறேன்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை, பாறைக்குள் வெடிக்காமல் தங்கிப்போன ஒரு வெடி, அவர் பக்கத்தில் இருந்தபோது வெடித்தது. முகத்தில் கல் தெறித்துவிட்டது. கை கால் நலம். கண் இரண்டும் போய்விட்டன. நாற்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். விளக்கறையில் வேலை என்று எழுதியது பொய். பகலில் வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இறங்குகிறவர்கள் எண் தகட்டைக் கொடுத்து விளக்கு வாங்குவார்கள். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துத் தகட்டை வாங்கிப் போவார்கள். அன்று மாலை அவர் தகடு மட்டும் பலகையில் தொங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன் என் கணவரின் தகடும் அப்படித்தான் தொங்கியது. அன்று குழிவாசலில் காலையிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார்கள். பொழுது சாயும்போது அவரைத் துணி போர்த்தி வெளியே கொண்டுவந்தார்கள். அதனால் பெய்லினின் தகட்டைப் பார்த்ததும் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. நேரே மருத்துவமனைக்குப் போனேன். அதற்கு முன் நாங்கள் பேசியது விளக்கு எண் மட்டும்தான்.

உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டியது நான். உண்மையை எழுதலாம் என்று சொன்னேன். "வேணாம். அக்கா ஏற்கனவே என் இடத்த எடுத்துக்கிட்டோம்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கு. இதக் கேட்டா தாங்காது. பரவாயில்லைன்னு எழுது" என்றார். எனக்கு வாயில் வருவது ஒன்றுமில்லைதான். இரண்டும் ஒன்று என்று நினைத்து அப்படி எழுதிவிட்டேன். என்னிடம் எத்தனை பேர் சொன்ன சொல் அது, நானே அதை எடுத்து உங்களுக்கு எழுதினேனே என்று இப்போது கூசுகிறது.

நான் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் வாயால் சொல்லட்டும். இடம் என்று அவர் சொன்னது எது என்று எனக்கு விளங்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

தங்கள் நலம் விரும்பும்
ஃபெங்லியென்

*

ஷாவ்சிங்
6 பிப்ரவரி 1983

அன்புள்ள தம்பிக்கு,

வசந்தத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கிறது. அரிசிப் பணியாரத்துக்கு மாவு இடித்தாயிற்று. நாங்கள் சுகம். இதைப் படித்துக் காட்டும் தோழருக்கும் என் புத்தாண்டு வாழ்த்து. அவர் கேட்கும்படியே இதை எழுதுகிறேன், நிறுத்தாமல் படிக்கச் சொல்.

எழுபத்தொன்பதில் அப்பா ஓய்வு பெற்றபோது, அவர் வேலையில் பிள்ளைகளில் ஒருவர் சேரலாம் என்று தாள் வந்தது. சேருகிறவருக்கு ஊரில் குடியிருப்புப் பதிவும் உண்டு; அது இல்லாமல்தான் நாம் இருவரும் ஊருக்குத் திரும்ப முடியாமல் கிடந்தோம். பத்து வருஷமாக நீ வடக்கே இருந்தாய். நான் இருபது கல் தொலைவிலிருந்த கிராமத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தேன். நியாயப்படி அது உன்னுடையது. அப்பா யாரையும் சொல்லவில்லை. நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் உனக்கு எழுதினேன். என் கல்யாணம் அந்தப் பதிவுக்காகத் தள்ளிப்போகிறது என்பதையும் எழுதினேன். அதை எழுதியிருக்கக் கூடாது.

உன் பதில் பன்னிரண்டு நாளில் வந்தது. "பரவாயில்லை அக்கா, நீயே எடுத்துக்கொள். எனக்குப் பனி பழகிவிட்டது." இவ்வளவுதான். தபால்காரர் தெரு திரும்புவதற்குள் எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்துவிட்டது. மறுநாளே கையெழுத்துப் போட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டால் நீ வேறு மாதிரி சொல்லிவிடுவாயோ என்று பயம்.

நாலு வருஷம் கழித்து இப்போது கேட்கிறேன், பெய்லின். நிஜமாகத்தான் சொன்னாயா?

அக்கா

*

ஏழாம் குழி
20 மார்ச் 1983

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். பதில் வராமல் தவித்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை நிறுத்தாமல் படித்தேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். பனியில் விழுந்துவிட்டார். கையைப் பிடித்தபோது உதறிவிட்டார். அன்றிலிருந்து எழுதலாமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். சாப்பிடுகிறார், உறங்குகிறார். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

இம்முறை உங்களுக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை.

ஃபெங்லியென்

*

ஏழாம் குழி
9 ஏப்ரல் 1983

அக்காவுக்கு,

நான் சொல்வதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுவதாக, இதுவரை எனக்கு எழுதித் தந்த ஃபெங்லியென் ஒப்புக்கொண்டிருக்கிறாள். நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

நான் நிஜமாகச் சொல்லவில்லை. அப்பா ஓய்வு பெறும் வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். உன் கடிதம் வருவதற்கு முன்பே தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். விடுதியில் இருந்தவர்களுக்கு என் போர்வையைக்கூடக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் என்று நீ எழுதியதைப் படித்ததும் கொடுத்த போர்வையைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அது பெரிய அவமானம். பரவாயில்லை என்று எழுதிவிட்டு இரண்டு மாதம் உன் பெயரைக்கூட நினைக்கப் பிடிக்கவில்லை. நீ அனுப்பிய கல்யாண மிட்டாயைப் பிரிக்காமல் யாருக்கோ கொடுத்தேன். அப்பா இறந்தபோது விடுப்பு கிடைக்கவில்லை என்றேனே, நான் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் கோபம் எப்போது போனது என்று தெரியாது. ஏதோ ஒரு கடிதத்தில் தெருவில் யாரோ வாத்தைத் துரத்தியதை எழுதியிருந்தாய். சிரித்தேன். அப்போது போயிருக்கலாம்.

இன்னொன்று. எனக்குக் கண் தெரியாது அக்கா. செப்டம்பரிலிருந்து. இருட்டு என்று சொல்ல முடியாது, இருட்டையும் பார்க்கத்தான் வேண்டும். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறேன். உள்ளே பயமாக இருக்கிறது. எதிரில் யாராவது பேசாமல் நின்றால் பயமாக இருக்கிறது. முப்பத்தொரு வயது ஆம்பிளை இதைச் சொல்லக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டேன்.

நீ வா.

நீங்கள் இருவரும் சுகம்தானே?

பெய்லின்

*

ஷாவ்சிங்
18 ஏப்ரல் 1983

பெய்லின்,

வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி ஷாங்ஹாய் போய் ரயில் பிடிக்கிறேன். நாலு நாளாகும். அத்தானுக்கு விடுப்பு இல்லை, தனியாகத்தான் வருகிறேன். ரயிலடிக்கு வரவேண்டாம் என்று எழுத நினைத்தேன். இல்லை, வா. ஃபெங்லியெனைக் கூட்டிக்கொண்டு வா.

அக்கா

*

ஷாவ்சிங்
5 ஜூன் 1983

அன்புள்ள தம்பிக்கும் ஃபெங்லியெனுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. அத்தான் நான் இல்லாத ஐந்து வாரமும் நூடுல்ஸ் மட்டுமே சாப்பிட்டிருக்கிறார். நீங்கள் இருவரும் சுகமா?

உன்னைக் கையோடு கூட்டிவரத்தான் வந்தேன், தெரியும் உனக்கு. அறையைக்கூடச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டு வந்தேன். அன்று அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம் வா என்றபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எந்த வீட்டுக்கு? அங்க ஒவ்வொரு கல்லும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஞாபகத்த நம்பிக் கால வைப்பேன். அது அங்க இல்லைன்னா விழுந்துருவேன். இங்க எல்லாமே பார்க்காமத்தான் கத்துக்கிட்டேன்."

அப்போதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. போன வருஷம் வசந்தத்திலேயே நம் வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். படித்துறை இல்லை. தண்ணீர் ஒரு படி ஏறியது என்று நான் எழுதியது, நீ அதை நினைத்துக்கொண்டு அங்கே இருக்கிறாயே என்பதற்காக. நீ சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். "நீயுமா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். ஃபெங்லியெனும் சிரித்தாள். நான் மட்டும் அழுதேன்.

நேற்று அந்தச் சாலையில் நடந்தேன். முன்பு படகில் போன தூரத்தை லாரி கடக்கிறது. எந்த இடத்தில் அப்பா இறங்கினார் என்று தேடினேன். தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன், அவரும் இரண்டு இடத்தைக் காட்டினார். உனக்குத்தான் சரியாகத் தெரியும் போலிருக்கிறது.

கண் தெரியாதவர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் சிகிச்சை கற்றுக்கொடுக்கும் வகுப்பைப் பற்றிச் சுரங்கத் தொழிற்சங்கத்தில் சொன்னார்களே, அதில் சேர்ந்தாயா? அப்பாவின் கை உனக்கு. எனக்கு அவர் நாற்காலி கிடைத்தது, அவ்வளவுதான்.

ஃபெங்லியென், நீ கொடுத்த கோசை ரயிலில் எதிரில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கமாகத் திரும்பிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அக்கா யுன்ஷூ

*

ஏழாம் குழி
28 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஃபெங்லியெனும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு சேதி.

முதலாவது, வகுப்பில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. பன்னிரண்டு பேர் படிக்கிறோம். ஒருவர் முதுகில் ஒருவர் பழகுகிறோம். என் கை முரடாம். கரி வெட்டின கை, பஞ்சு மாதிரியா இருக்கும் என்று கேட்டேன். இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது.

இரண்டாவது, போன செவ்வாய்க்கிழமை நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். உனக்கு முன்கூட்டியே எழுதவில்லை. எழுதியிருந்தால் மறுபடி நாலு நாள் ரயிலில் வந்திருப்பாய். (அது காரணமில்லை அக்கா. அவர் என்னைக் கேட்டது திங்கட்கிழமை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது கோசு நறுக்கி முடிக்கிற நேரம்தான். இது ஃபெங்லியென்.)

அலுவலகத்தில் ஒரு வயதான எழுத்தர். தாளில் கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், என்னைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார் போல. கட்டைவிரல் போதும் என்றார். நான் பள்ளிக்கூடம் போனவன், பேனா கொடுங்கள் என்றேன். ஃபெங்லியென் என் கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். என் பெயரின் எழுத்துகளில் எத்தனை கோடு இழுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். எழுதினேன். பேனா ஒரு இடத்தில் சத்தம் மாறியது. நிறுத்தாமல் முடித்துவிட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தேன். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"குடும்பப் பெயர் தாள்ல இருக்கு. மீதி அவரோட மேசையில இருக்கு" என்றாள் ஃபெங்லியென்.

எழுத்தர் ஒரு இருமல் இருமினார். ஈரத்துணி கேட்பார் என்று நினைத்தேன். முத்திரையை எடுத்துத் தாளில் ஒரு குத்து குத்தினார். அப்புறம் மேசையிலும் ஒரு குத்து.

"ஆச்சு, போங்க" என்றார்.

அத்தானிடமும் சொல்.

உன் தம்பி பெய்லின்
எழுதியது ஃபெங்லியென்